சிதம்பரம் பிள்ளையும் நமது கடைவீதியும்

அடக்க விலைக்கும் குறைத்து ஒரு பெருங்கம்பெனி சரக்கை விற்க முன்வந்தால், அது நமக்குத் தானம் செய்கிறது என்று எண்ணலாகாது. எதிரே நிற்கும் சிறு வியாபாரி ஒழிந்தபின் நம்மிடமிருந்து வசூலிக்கப்போகும் லாபத்துக்கு அது போடும் முதலேயாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்துத் தமிழ் நாட்டுக்கு உணர்த்தியவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. ஊருக்கு ஊர் கிளை பரப்பும் பெருங்கடைகள் சிற்றூர்களின் வாயில் வரையில் வந்துவிட்ட இந்நாளில், தேசத் தொண்டர்கள் அவர் சரித்திரத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்பது அவசியம்.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்த பிள்ளையவர்கள், வக்கீலாகித் தூத்துக்குடியில் பெயரும் பொருளும் ஈட்டினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள கப்பற் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. அதை எதிர்த்து 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஒருவர் பணத்தை மட்டும் நம்பாமல் பலர் பொருளையும் ஒன்றாகத் திரட்டியதே அம்முயற்சியின் உயிர்நாடி. 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பிறகு நடந்ததை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெள்ளையர் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவுக்கு இறங்கியது. உடனே எதிராளிகள், காசு வாங்காமலே ஏற்றிச் செல்வதோடு குடை ஒன்றும் தருவதாக ஆசை காட்டினர். ஆழ்ந்த பணப்பை உள்ளவன் நஷ்டத்தைத் தாங்குவான். அற்ப முதல் உள்ளவன் தாங்கமாட்டான். சாமர்த்தியத்தின் போட்டியாக இருக்க வேண்டியது, யார் அதிக நாள் நஷ்டப்படக்கூடும் என்ற போட்டியாக மாறிற்று.

1908-ல் பிள்ளையவர்கள் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ந் தேதி கைதானார். அவருடன் சிறை புகுந்த சுப்பிரமணிய சிவா, நமது திண்டுக்கல் ஜில்லாவிலுள்ள வத்தலக்குண்டில் பிறந்தவர். கைதுச் செய்தி கேட்டுத் தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. ராஜத்துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 வருஷம் என்று ஜூலை மாதம் தீர்ப்பாயிற்று. ஹைகோர்ட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளிவந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். பின்னர் வாலேஸ் துரையின் உதவியால் சன்னதை மீண்டும் பெற்றார். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.

சர்க்கார் அவரைச் சிறையில் அடைத்தது. ஆனால் அதற்கு முன்பே குடையை எதிர்பார்த்து மாற்றான் கப்பலில் ஏறிய நம்மவரும் அவரைக் கைவிட்டனர் என்பதை மறைப்பதில் பயனில்லை.

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள கன்னிவாடி போன்ற ஊர்களில், அறுவடை வரையில் அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்துக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்பவர் தெருக்கடைக்காரரே. மலிவு விலை ஏழைக்கு நன்மையல்லவா என்று சிலர் கேட்கலாம். நேர்மையான மலிவை நாம் வெறுக்கவில்லை. தெருக்கடை மூடியபின் அந்த மலிவு நீடிக்குமா, கையில் காசில்லாத மாதத்தில் பெருங்கடை கடன் தருமா என்பதே கேள்வி.

2012-ல் பலவகைப் பொருள் விற்கும் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் வரை அன்னிய முதலீட்டை மத்திய சர்க்கார் அனுமதித்தபோது, தமிழ் நாட்டுச் சர்க்கார் அதை ஏற்க மறுத்தது. ஆனால் உள்நாட்டுப் பெருமுதலை அந்த மறுப்பு தடுக்காது. போட்டியாளரை ஒழிக்க அடக்கத்துக்குக் கீழே விற்பதை 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. எனினும் சந்தையில் ஆதிக்கம் பெற்றுவிட்ட நிறுவனத்தையே அது பிடிக்கும். ஆதிக்கம் பெறும் வழியிலேயே தெருக்கடை மாய்ந்துவிட்டால் சட்டம் வந்து என்ன பயன்? இக்குறையை நீக்கச் சட்டசபைகளில் வற்புறுத்துவது தொண்டர்களின் கடமை.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை சரியாயிருக்க வேண்டும். சரக்கு சுத்தமாயிருக்க வேண்டும். பிள்ளையவர்கள் பங்கு திரட்டியதுபோல், பத்துக் கடைக்காரர் கூடி மொத்தமாகக் கொள்முதல் செய்தால் அடக்கம் குறையும். அவ்வாறு செய்யும் கடைக்கு ஆதரவளிப்பது நமது பொறுப்பு. கப்பலோட்டிய தமிழர் என்று அவர் பெயரைச் சொல்லி மாலையிடுகிறோம்; அன்று அவருக்குச் செய்யத் தவறியதை இன்று நமது தெருக்கடைக்காரருக்குச் செய்வோமாக.