மாங்கனீஸ் எஃகு தந்த ஹாட்ஃபீல்ட்



ஹாட்ஃபீல்ட் என்ற பெயரை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த மறு வருஷமே அதற்குத் தண்டனை கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. கல் உடைக்கும் கிரஷரின் தேய்ந்த மாங்கனீஸ் ஸ்டீல் தட்டை நன்றாகச் சூடுபண்ணி வெல்டிங் செய்து, மெதுவாக ஆறவிடச் சொன்னேன். சாதாரண எஃகுக்கு அதுதானே வழக்கம்! மாட்டிய மூன்றாம் நாள் தட்டு பிளந்துவிட்டது. பழி வெல்டர் அண்ணன் தலையில் விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் இவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1858-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தார். அப்பா எஃகு வார்ப்பாலை நடத்தியவர். மாங்கனீஸ் கொஞ்சம் கூடினாலே எஃகு நொறுங்கும் என்பது அன்றைய அனுபவம். இவரோ விடாமல் கூட்டிக்கொண்டே போனார். 1882-ல், 24 வயதுகூட நிரம்பாத நிலையில், 12 சதவீதத்தை ஒட்டி அதிசயம் கண்டார். கார்பன் எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகி நொறுங்கும். இதுவோ சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி முக்கினால் வளைந்து கொடுக்கும்! மெதுவாக ஆறினால்தான் கார்பைடு உள்ளே படிந்து உடையும். நான் செய்த தப்பு அதேதான்.

இன்னொரு குணம்: அடிபட அடிபட, குளிர்நிலையில் உருட்ட உருட்ட, இது இறுகும். சுமார் 200 பிரினெல் கடினம் 500-ஐத் தொடும். அடிபடும் மேல்பரப்பு இறுகினாலும் உள்பகுதி உடையாமல் தாங்கும். அதனால்தான் சக்கரங்கள் மோதும் ரயில் கிராஸிங்குகளை இதில் வார்க்கிறார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களின் தலைக்கவசமும் இதுவே.

1908-ல் சர் பட்டம், 1909-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஆனாலும் தேடல் நிற்கவில்லை. 1912-ல் இலங்கையின் பழங்கால இரும்புப் பொருட்களைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். நம் பக்கத்து முன்னோர்களின் உலை வேலையை மதித்துப் பார்த்த மனிதர்! 1940-ல் மறைந்தார்.

படித்து முடித்த மறுநாள் போர்மேன் முன்னால் என் தவறை ஒப்புக்கொண்டேன். வெல்டர் அண்ணன் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

தம்பிகளே, தங்கைகளே! காய்ச்சும் முன் எந்த எஃகு என்று கேளுங்கள். தப்பு நடந்தால் உங்கள் பங்கை முதலில் சொல்லிவிடுங்கள்.