கனிசாரோ: வாக்கெடுப்பின்றி வந்த உடன்பாடு

இரசாயனம் பயிலும் மாணவர் பலர் கனிசாரோ என்பதை ஒரு தாக்கத்தின் பெயராகவே அறிவர். கல்லூரியில் யானும் அவ்வாறே மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தேன். பிளவுபட்டு நின்ற அறிஞரை ஒரு கருத்துக்குக் கொணர்ந்த பெரியாரின் பெயர் அது என்பதைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தேன்.

அன்னார் 1826ஆம் ஆண்டு சிசிலித் தீவின் பலேர்மோ நகரிற் பிறந்தார். 1848இல் அங்கு மூண்ட புரட்சியிற் சேர்ந்தார். அது தோல்வியுறவே பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். 1851இல் இத்தாலிக்கு மீண்டு, 1855 முதல் ஜெனோவாவிற் பேராசிரியராய் விளங்கினார்.

அக்காலத்து இரசாயன உலகு பெருங் குழப்பத்தில் இருந்தது. ஒட்சிசனின் அணுநிறை சிலருக்கு 8, சிலருக்கு 16. நீரின் சூத்திரத்தையே ஆளுக்கொரு விதமாய் எழுதினர். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் ஒன்றுக்கே 19 சூத்திரங்களைக் கெக்குலே என்பார் எடுத்துக் காட்டியிருக்கின்றார்! ஒருவர் எழுதியதை மற்றவர் விளங்கிக் கொள்வதே அரிதாயிற்று.

இதனைத் தீர்க்கக் கெக்குலே முதலியோர் அழைக்க, 1860 செப்டெம்பரில் ஜேர்மனியின் காள்சுரூ நகரில் ஏறக்குறைய 140 அறிஞர் கூடினர். மாநாடு மூன்று நாள் நடந்தது. சேதன இரசாயனத்துக்கு ஒரு முறை, அசேதன இரசாயனத்துக்கு வேறொரு முறை என இரண்டும் இருக்கட்டும் என்பது மூத்த அறிஞர் தூமாவின் கருத்து. பிணக்கை மூடிவைக்கும் இத்தகைய சமாதானம் உடன்பாடாகாது என்பது என் எண்ணம். கனிசாரோவும் எழுந்து மறுத்தார். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் தொகையும் சமமே என 1811இல் அவகாதரோ கூறியதை ஏற்பின், அணுநிறைகள் யாவும் ஒழுங்குபடும் என வாதித்தார்.

மாநாடு முடிவொன்றும் செய்யாமலே கலைந்தது. அறிவியல் உண்மையைக் கையுயர்த்தித் தீர்மானித்தல் தகாது என்பதே அங்கு மேலோங்கிய எண்ணம். நம் மாணவர் சங்கங்களிற் கையுயர்த்தி வென்ற தீர்மானங்கள் மறுவாரமே மறக்கப்படுவதை யாமும் கண்டிருக்கின்றோமன்றோ!

எல்லோரும் பிரியும் வேளையிற் கனிசாரோவின் நண்பர் பவேசி, ஒரு சிறுநூலை வந்தோர்க்கு வழங்கினார். அது கனிசாரோ தம் மாணவருக்கு நடத்திய பாடங்களின் சுருக்கம். 1858இல் வெளிவந்தும் பலர் கண்ணிற் படாதது. அதன் போக்கே நாம் கவனித்தற்குரியது. எதிர்க் கருத்தினரை அது இகழவில்லை. பேர்சீலியசு, தூமா முதலியோர் எதுவரை செவ்வையாய்ச் சென்றனர், எவ்விடத்துத் தயங்கினர் என்பதைப் படிப்படியாகக் காட்டி, படிப்பவரைத் தம்முடன் அழைத்துச் செல்கின்றது. தம் கொள்கைக்கு மாறாகத் தோன்றிய சில ஆவியடர்த்திகளையும் அவர் மறைக்கவில்லை. வெப்பத்தால் அவ்வாவிகள் கூட்டப்பிரிவடைவதே காரணமென விளக்கினார்.

லோதர் மேயர் அந்நூலை வழியிலும் வீட்டிலும் மீண்டும் மீண்டும் படித்து ஐயந் தெளிந்தார். 1864இல் அம்முறையிலேயே தம் நூலை வெளியிட்டார். மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர் மெந்தலீவ், ஒழுங்குபட்ட அணுநிறைகளைக் கொண்டே 1869இல் ஆவர்த்தன அட்டவணையை அமைத்தார். பிரான்சிலோ, பெர்தலோ போன்றோர் மேலும் பல்லாண்டு பழைய முறையையே பற்றி நின்றனர். அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை.

கனிசாரோ பின்னர் பலேர்மோவிலும் உரோமையிலும் கற்பித்து, செனற்றராகவும் இருந்து, 1910இல் மறைந்தார். அவர் எவருடைய கொள்கைக்காக வாதாடினாரோ அந்த அவகாதரோ 1856இலேயே காலமாகிவிட்டார். தம் சொல் உலகில் ஏறியதை அவர் காணவில்லை.