பெரும்பூதூர் தந்த பெரிய மாணவர்

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே நம்மில் பலருக்கு ஷிப்ட் பஸ், கன்டெய்னர் லாரி, ஒரகடம் ஜங்ஷன் நெரிசல் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உலகத்துக்கு ஒரு மாமனிதரைக் கொடுத்த மண் அது. ஆம்! 1017-இல், சித்திரைத் திருவாதிரையில், ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மையாருக்கும் மகனாக அங்கே பிறந்தவர்தான் ராமானுஜர். அவரை ஆச்சாரியராக, சீர்திருத்தக்காரராக எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் எழுத வந்தது மாணவர் ராமானுஜரைப் பற்றி.

காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார். குரு சொன்ன பொருள் மனசுக்கு ஒப்பவில்லை. அந்தப் படிப்பு நின்றது. அப்புறம் யாரிடம் போனார் தெரியுமா? பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பியிடம்! அவர் சொற்படி சாலைக்கிணற்றிலிருந்து தினமும் வரதராஜப் பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்தார். பிறகு மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் பெரிய நம்பியிடம் உபதேசம் பெற்றார். துறவறம் பூண்டு ஸ்ரீரங்கம் போய், மடத்துக்கே தலைவரானார்.

நாமாக இருந்தால் இதோடு படிப்பு முடிஞ்சாச்சு என்று உட்கார்ந்திருப்போம். அவருக்கோ அங்கேதான் பாடம் ஆரம்பமானது! குருபரம்பரைக் கதைகள் சொல்வதைக் கேளுங்கள். திருவரங்கப் பெருமாள் அரையரிடம் பாடம் கேட்க, ஆறு மாதம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள்காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்தார். திருமலை நம்பியிடம் கீழ்த்திருப்பதியில் ஒரு வருஷம் ராமாயணம் கேட்டார். திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டபோது, தனக்குத் தோன்றிய வேறு பொருளையும் சொன்னார். ஆண்டான் கோபித்துப் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி சமாதானம் செய்து வைத்த பிறகு பாடம் தொடர்ந்தது. கேள்வி கேட்பதும் பணிவும் ஒரே மாணவரிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரத்தின் பொருள் கேட்க அவர் போனது 18 தடவை. ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த ஊர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். என்ஜினீயர் புத்தி விடுமா? போக வர 200 என்று வைத்தால், மொத்தம் சுமார் 3,600 கிலோமீட்டர்! ஊருக்கே தலைவர், இன்னொருவர் வாசலில் போய்த் திரும்பத் திரும்ப நின்றார்.

இந்தப் பாடம் நம் தொழிற்பேட்டைக்கும் ரொம்பத் தேவை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த எத்தனையோ பேர் வேறு தொழிலை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டி வந்தது. என் கதையையே சொல்கிறேன். மெக்கானிக்கல் படித்துப் பல வருஷம் வெல்டிங் லைனைப் பார்த்துக்கொண்டவன் நான். 36 வயசில் ரோபோ புரோகிராமிங் கத்துக்க வேண்டியதாயிற்று. சொல்லிக்கொடுத்தவர் 23 வயசு டிப்ளமோ தம்பி. என்னிடம் வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, டீச் பென்டன்ட்டைப் பிடிக்கிற விதத்தை அவரிடம் கேட்டு நின்றபோது முகம் சுருங்கத்தான் செய்தது. வேண்டாம் என்று பழைய லைனுக்கே கேட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் 18 தடவை நடந்தவரை நினைத்ததும், நம்ம கூச்சம் எம்மாத்திரம் என்று தோன்றியது. நோட்டுப் புத்தகத்தோடு தினமும் ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்றேன். மூணு மாசத்தில் ஒரு முழு வெல்டிங் பாதையை நானே எழுதி ஓட்டினேன்!

ராமானுஜர் கதை கற்றதோடு முடியவில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்த பொருளை, திருக்கோஷ்டியூர் கோயிலில் உயரே ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்கிறது மரபு. தனக்கு நரகமே கிடைத்தாலும் ஊர் பிழைக்கட்டும் என்று நினைத்தாராம். 1137-இல் ஸ்ரீரங்கத்தில் மறையும் வரை போதித்துக்கொண்டே இருந்தார்.

நண்பர்களே, நம்மில் 30, 40 தாண்டிய பலர் இப்போது புதுசாக ஏதோ ஒன்றைக் கற்றே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறோம். சின்னவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கற்றதைப் பூட்டியும் வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை நம் கல்லூரிக்கு வந்து, தெரிந்ததை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நாமும் கேட்டுக்கொண்டு வருவோம்!