லண்டன் சந்துகளில் திரிந்த சிறுவன்

1824-ம் ஆண்டு. லண்டன் நகரம். பொழுது சாயும் நேரம்.

இரண்டு சிறுவர்கள் வேலை முடிந்து நடந்து வந்தார்கள். ஒருவன் பெயர் பாப் பேகின். கொஞ்சம் பெரியவன். மற்றவனுக்கு 12 வயது. அன்று சின்னவனுக்கு விலாவில் பொறுக்க முடியாத வலி. பாப்தான் அவனை வைக்கோல் மேல் படுக்க வைத்தான். காலிப் புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, மணிக்கணக்காக ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வீடு வரை கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக் கூடவே புறப்பட்டுவிட்டான்.

சின்னவன் தவித்தான். அவன் போகவேண்டிய இடம் வீடு அல்ல, சிறைச்சாலை! அவனுடைய தகப்பனார் கடன்காரராகச் சிறையில் இருந்தார். அதை எப்படி வெளியில் சொல்வது?

பாபை வழியில் கழற்றிவிட எத்தனையோ முறை பார்த்தான். நல்ல மனசுக்காரனான பாப் விடவில்லை. கடைசியில் சவுத்வார்க் பாலத்தருகே யாரோ ஒருவர் வீட்டுப் படியில் சின்னவன் ஏறினான். இதுதான் தன் வீடு என்பது போல் பாப்பிடம் கைகுலுக்கி விடைபெற்றான். பாப் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது? கதவையும் தட்டினான். ஒரு பெண் வந்து திறந்தாள். இது திருவாளர் ராபர்ட் பேகினின் வீடா என்று அவளிடமே கேட்டுச் சமாளித்தான்!

இப்படித் தப்பித்த சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்.

எலி ஓடும் கம்பெனி

டிக்கன்ஸ் 1812-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் பிறந்தார். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. நல்லவர். ஆனால் கை நிற்காது. வரவுக்கு மேல் செலவு. குடும்பம் 1822-ல் லண்டனுக்கு வந்தபோது கடனும் கூடவே வந்தது.

பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பூட்ஸுக்குப் போடும் கறுப்பு மை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். தேம்ஸ் நதியின் ஹங்கர்போர்டு படித்துறையில் இற்றுப்போன ஒரு பழைய கட்டிடம். தரையெல்லாம் உளுத்துப் போயிருக்கும். எலிகள் கூட்டமாய் ஓடும். மை ஜாடியின் வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூட வேண்டும். அதன்மேல் நீலக் காகிதம் வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். பிறகு லேபில் ஒட்ட வேண்டும். நாள் முழுவதும் இதே வேலை. கூலி வாரத்துக்கு 6 ஷில்லிங். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங் என்ற காலம் அது.

வேலையில் சேர்ந்த சில நாட்களில் தகப்பனார் கைதானார். ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குச் சுமார் 40 பவுன் பாக்கி. மார்ஷல்சீ என்ற கடன்காரர் சிறையில் அடைத்துவிட்டார்கள். தாயாரும் சிறு குழந்தைகளும் அவருடன் சிறைக்குள்ளேயே குடி போனார்கள். அந்த நாளில் அதற்கு அனுமதி உண்டு. சார்லஸ் மட்டும் வெளியே தனியாக வாடகை அறையில் தங்கினான். சிறைக்குப் பக்கத்தில் லாண்ட் தெருவில் ஒரு பரண் அறை. காலையில் சிறைக்குப் போய்ப் பெற்றோருடன் சாப்பிடுவான். பிறகு வேலைக்கு ஓடுவான். இரவுச் சாப்பாடும் சிறையிலேதான்.

கூலியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி வைப்பான். அப்படியும் காசு நிற்காது. வழியில் பழைய பலகாரத்தைப் பாதி விலைக்குக் கண்டால் கை சும்மா இருக்காது. பிள்ளைதானே! மத்தியானம் வெறும் வயிறாகிவிடும். காசில்லாத நாளில் கோவென்ட் கார்டன் சந்தைக்குப் போய் அன்னாசிப் பழங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்தக் கடையில் மலிவு, எந்தப் பாலத்தில் காசு கேட்பார்கள் என்பதெல்லாம் அந்தச் சில மாதங்களில் அவன் காலுக்கே பழகிவிட்டது.

மே மாதக் கடைசியில் தகப்பனார் விடுதலையானார். அதன் பிறகும் பையனின் வேலை நிற்கவில்லை. கம்பெனி வேறு தெருவுக்கு மாறியது. அங்கே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஜாடி கட்ட வேண்டும். அவன் கை வேகத்தைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் தகப்பனார்தான் அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பள்ளிக்கு அனுப்பினார். தாயாரோ, பையன் வேலைக்கே திரும்பிப் போகட்டும் என்றார். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

சந்தெல்லாம் கதை

15 வயதில் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. பிறகு சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு பார்லிமெண்டில் பத்திரிகை நிருபர். நிருபர் வேலைக்கு நடுவே, போஸ் என்ற புனைபெயரில் லண்டனைப் பற்றிச் சித்திரங்கள் எழுதினார். 1836-ல் அவை புத்தகமாக வந்தன.

பெரிய மாதா கோவில்களையும் அரண்மனைகளையும் பற்றி எழுத ஆள் இருந்தார்கள். டிக்கன்ஸ் போன இடங்கள் வேறு. செவன் டயல்ஸ் என்று ஓர் இடம். ஏழு தெருக்கள் அங்கே ஒன்றாகக் கூடும். புதிதாக வந்தவன் எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியாமல் திகைத்துவிடுவான். அதன் பக்கத்தில் மன்மவுத் தெரு. வரிசையாகப் பழந்துணிக் கடைகள். அங்கே தொங்கிய சட்டைகளைப் பார்த்து அவர் ஒரு கற்பனை செய்தார். எல்லாமே ஒருவனுடைய உடுப்புகள் என்று வைத்துக்கொண்டார். சின்னப் பையனின் சட்டை, பிறகு வாலிபனின் கோட்டு, பிறகு குடித்துக் கெட்டவனின் கந்தல் என்று ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் அந்தத் துணிகளிலிருந்தே எழுதிவிட்டார்.

பிறகு நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'ஆலிவர் டுவிஸ்ட்' கதையில் திருட்டுப் பையன்களின் தலைவனுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? பேகின்! ஒத்தடம் கொடுத்த அந்த நல்ல பையனின் பெயரை இப்படியா வைப்பது என்று நமக்கே கொஞ்சம் மனத்தாங்கல் வருகிறது.

இல்லாத தீவா?

அதே நாவலில் ஒரு கொலைகாரன் ஜேக்கப் தீவு என்ற இடத்தில் மடிகிறான். தேம்ஸின் தென்கரையில் பெர்மாண்ட்சி பகுதியில் இருந்த சேரி அது. சுற்றிலும் சாக்கடைக் கால்வாய். வீடுகளின் பின்புறம் மரத் தாழ்வாரங்கள் கால்வாயின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கழிவை அதில்தான் கொட்டுவார்கள். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, குடிக்கத் தண்ணீரும் அதில்தான் எடுப்பார்கள். 1849-ல் காலரா அங்கே வாரிக்கொண்டு போனது.

1850-ல் லண்டன் நகரசபைப் பெரியவர் சர் பீட்டர் லாரி கூட்டத்தில் ஒரு போடு போட்டார். ஜேக்கப் தீவு என்று ஓர் இடமே கிடையாதாம். டிக்கன்ஸின் கதையில்தான் இருக்கிறதாம்!

டிக்கன்ஸ் சும்மா இருக்கவில்லை. நாவலின் அடுத்த பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரை நையாண்டியால் வாட்டி எடுத்தார். கதையில் வந்ததால் ஓர் இடம் இல்லை என்றாகிவிடுமானால், கதையில் வந்த மனிதரும் இல்லை என்றாகிவிடுவார் அல்லவா? சர் பீட்டரின் சாயலில் ஒரு பாத்திரத்தை டிக்கன்ஸ் முன்பே எழுதியிருந்தார். ஊர் சிரித்தது.

இது வெறும் சிரிப்புச் சண்டை அல்ல. இடமே இல்லை என்றால் அங்கே சாக்கடை கட்ட வேண்டாம். நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டாம். அங்கே செத்தவர்களுக்குப் பதில் சொல்லவும் வேண்டாம்.

இரவு நடை

டிக்கன்ஸ் ஒரு நாளைக்கு 12 மைல் சாதாரணமாக நடப்பார். ஒரு சமயம் சில நாட்கள் தூக்கம் வரவில்லை. படுக்கையை விட்டு எழுந்து இரவெல்லாம் லண்டனைச் சுற்றினார். வாட்டர்லூ பாலத்தில் சுங்கம் வாங்குகிறவருடன் பேச்சு. மீன் சந்தை, பைத்திய ஆஸ்பத்திரி, சிறை வாசல் எல்லாம் பார்த்துவிட்டு, விடியற்காலையில் சந்தைக் கடையில் காபி. அங்கே கூடைகளுக்குள் அநாதைப் பிள்ளைகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மணி மூன்று. செயின்ட் மார்டின் மாதா கோவில் படியில் ஓர் உருவம் எழுந்தது. கந்தலைக் கையால் பிடித்துக்கொண்டு நடுங்கும் வாலிபன். காசு கொடுக்க எண்ணி டிக்கன்ஸ் அவன் தோளில் கை வைத்தார். மனிதக் கையைக் கண்டு மிரண்ட அவன், உடம்பை முறுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். கந்தல் மட்டும் டிக்கன்ஸ் கையில் நின்றது. 1860-ல் தம் பத்திரிகையில் இதை எழுதினார்.

லண்டன் முழுவதும் சுற்றிய அவர் ஒரே ஓர் இடத்தை மட்டும் பல வருஷம் தவிர்த்தார். அது அந்த ஹங்கர்போர்டு படித்துறை. ஸ்ட்ராண்ட் வீதியில் ஒரு மைக் கடை உண்டு. அங்கிருந்து வரும் வாடை பட்டாலே எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். சிறுவயதுக் கதையை நெருங்கிய நண்பர் ஜான் பார்ஸ்டரிடம்தான் சொன்னார்.

1857-ல் 'லிட்டில் டாரிட்' நாவலை முடிக்கும் சமயம், மார்ஷல்சீ சிறை இருந்த இடத்தைப் பார்க்கப் போனார். 1842-லேயே சிறையை மூடிவிட்டார்கள். அங்கே, இடுப்பில் ஒரு பெரிய குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு பொடிப் பையன் நின்றான். இந்தப் பெரிய மனிதருக்கு இடம் தெரியாது என்று நினைத்து, அந்த நாளில் இங்கே என்னென்ன இருந்தது என்று விளக்கினான். அநேகமாகச் சரியாகவே சொன்னான். டிக்கன்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

1870-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி டிக்கன்ஸ் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சமாதியைக் காண வந்தார்கள். பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பிறகுதான் மை ஜாடி கட்டிய கதை உலகத்துக்குத் தெரிந்தது.

படித்துறை இருந்த பக்கம் இப்போது சேரிங் கிராஸ் ரயில் நிலையம் இருக்கிறது. சவுத்வார்க்கில் செயின்ட் ஜார்ஜ் மாதா கோவிலை ஒட்டி ஒரு குறுகலான சந்து உண்டு. மார்ஷல்சீ சிறையின் நீண்ட செங்கல் சுவர் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் லாண்ட் தெரு. அங்கே உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள்.