மறுபடியும் மனு போட்டவர்

நினைத்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கலன்னா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சோர்ந்து உட்காருபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பெஞ்சமின் கிரஹாமின் கதை.

1894-ல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்குக்குப் போய்விட்டது. சிறு வயதிலேயே அப்பா இறந்துட்டார். 1907 பங்குச் சந்தைச் சரிவில் அம்மாவின் பணமும் போச்சு. உபகாரச் சம்பளம் இருந்தால்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க முடியும், அது கிடைக்கல. கட்டணம் இல்லாத சிட்டி காலேஜில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அதையும் விட்டுட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த ஆண்டு கொலம்பியாவுக்கு மறுபடியும் மனு போட்டார். அப்போதுதான் உண்மை தெரிஞ்சது. முதல் தடவையே அவருக்கு உதவி கிடைத்திருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பையனின் பெயரோடு குழம்பி, அலுவலகத்தில் விட்டுட்டாங்க.

இந்த முறை சேர்ந்தார். வேலை பார்த்துக்கிட்டே படித்து, 1914-ல் வகுப்பில் இரண்டாவதாகத் தேறினார். மூன்று துறைகள் ஆசிரியர் வேலை தர முன்வந்தும், வால் ஸ்ட்ரீட்டில் வாரம் 12 டாலர் சம்பளத்தில் தொடங்கினார்.

1928-ல் அதே கொலம்பியாவில் பாடம் நடத்த வந்தார். மறு ஆண்டுச் சரிவு அவரையும் பலமாக அடித்தது. ஆனாலும் 1934-ல், டேவிட் டாட்டோடு சேர்ந்து, பங்கு வாங்குமுன் நிறுவனத்தின் கணக்கை அலசிப் பார்க்கச் சொல்லும் நூலை வெளியிட்டார். வாரன் பஃபெட் அவருடைய மாணவர். 1976-ல் கிரஹாம் மறைந்தார்.

இரண்டாவது மனு போடாமல் இருந்திருந்தால் அந்தத் தவறு வெளியே வந்தே இருக்காது. அதனால, இடம் கிடைக்காதவங்க வெட்கப்படாம காரணம் கேளுங்க, மேல்முறையீடு செய்யுங்க. கேட்பது நம் உரிமை.