கால்விரலால் எழுதிய கிறிஸ்டி பிரவுன்: அந்தக் காலையே பயன்படுத்தக் கூடாது என்று சிகிச்சைத் தரப்பு சொன்னது ஏன்?

உடம்பு முழுக்க அவர் பேச்சைக் கேட்டது இடது கால் ஒன்றுதான். அந்தக் காலால் எழுதினார், படம் வரைந்தார், பத்திரிகைப் போட்டியில் பரிசும் வாங்கினார். 18 வயது வாக்கில் சிகிச்சைக்குப் போனபோது மருத்துவத் தரப்பு வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? இனி அந்த இடது காலைப் பயன்படுத்தவே கூடாது.

கேட்கவே அநியாயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. செரிப்ரல் பால்ஸி (பெருமூளை வாதம்) உள்ள குழந்தைகளின் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இன்றும் யோசிக்கிற கேள்வி அது.

யார் இந்த கிறிஸ்டி பிரவுன்?

அயர்லாந்து எழுத்தாளர், ஓவியர். 1932 ஜூன் 5 அன்று டப்ளினில் பிறந்தார். அப்பா கொத்தனார். அம்மா பிரிட்ஜெட் பெற்றது 22 பிள்ளைகள். வளர்ந்து ஆளானது 13 பேர்.

நாலு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தது அம்மாதான். கை விரல்கள் எப்போதும் இறுகிக் கிடந்தன. இந்தக் குழந்தைக்கு அறிவு வளராது, நம்பிக்கை வைக்காதீர்கள் என்றுதான் மருத்துவர்கள் பலரும் சொன்னார்கள். அம்மா அதை ஏற்கவில்லை. மற்ற பிள்ளைகளை வளர்த்த மாதிரியே இவரையும் வீட்டுக்குள் வைத்து வளர்த்தார்.

கையில் கோளாறா, மூளையில் கோளாறா?

செரிப்ரல் பால்ஸியில் பாதிப்பு இருப்பது வளரும் மூளையில். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாளிலோ அது நேரலாம். கைக்கு உத்தரவு போகிற இடத்தில்தான் சிக்கல். அதனால் சிலருக்குத் தசை விறைத்துப்போகும். சிலருக்குக் கை கால்கள் தானாக முறுக்கிக்கொண்டு அசையும். இரண்டும் கலந்தும் வரலாம். அறிவு நன்றாக இருந்தும் பேச்சு வராத குழந்தைகள் உண்டு. கிறிஸ்டி அப்படிப்பட்டவர். அதை யாருக்கும் புரியவைக்க அவருக்கு வழி இல்லாமல் இருந்தது.

அந்த வழி திறந்தது 5 வயதில், ஒரு டிசம்பர் நாளில். அக்கா மோனா மஞ்சள் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்டியின் இடது கால் நீண்டு அந்த சாக்பீஸைப் பறித்தது. அம்மா தரையில் ஆங்கில எழுத்து 'ஏ'வை எழுதிக் காட்டி, அதே போல எழுதச் சொன்னார். தடுமாறித் தடுமாறிக் கடைசியில் எழுதிவிட்டார். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக அம்மா சொல்லிக்கொடுத்தார். 10 வயதில், சகோதரர் ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பெயின்ட் பெட்டியைத் தன் பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வரைய ஆரம்பித்தார்.

காலுக்கு ஏன் தடை?

டப்ளின் குழந்தைகள் நல மருத்துவர் ராபர்ட் காலிஸ் இவரைத் தேடி வீட்டுக்கே வந்தார். செரிப்ரல் பால்ஸிக்குப் புதிய பயிற்சி முறை வந்திருக்கிறது, முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். லண்டனில் அந்தத் துறையின் முன்னோடியாக இருந்த ஐரீன் காலிஸ், கிறிஸ்டியைப் பரிசோதித்தார். முன்னேற வாய்ப்பு உண்டு, ஆனால் இடது காலை விட்டுவிட வேண்டும் என்று உறுதி கேட்டவர் அவர்தான்.

காரணம் இதுதான்: கால்விரலால் எழுத கிறிஸ்டி செலவழித்த முயற்சி காலோடு நிற்கவில்லை. கழுத்து, தோள், கை, வாய் என உடம்பு முழுக்க இறுக்கம் பரவியது. தசைகள் தளர்ந்தால்தான் கையும் பேச்சும் வரும் என்று அவர்கள் கருதினார்கள். கால் வேலை செய்துகொண்டே இருந்தால் கைக்கு வேலையே வராது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

கிறிஸ்டி சம்மதித்தார். தினமும் பயிற்சி. நெரிசலான வீட்டில் அதற்கு இடமில்லை என்றதும், அம்மா தானே செங்கல்லை எடுத்துப் பின்பக்கத் தோட்டத்தில் ஓர் அறை கட்ட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு, கொத்தனாரான அப்பாவும் அண்ணன் தம்பிகளும் சும்மா இருக்க முடியுமா? சேர்ந்து கட்டி முடித்தார்கள்.

கை வந்ததா?

பேச்சு தெளிவானது. உடம்பின் இறுக்கமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் எழுதும் அளவுக்குக் கை வரவில்லை. காலையும் விட்டாயிற்று, கையும் வரவில்லை. ஓவியம் நின்றுபோனது. சுயசரிதையைத் தம்பி ஏமனிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். நினைத்த வார்த்தை வாயில் வராமல் ஒருநாள் பொறுமை போய்விட்டது. தம்பியை வெளியே அனுப்பினார். சாக்ஸைக் கழற்றினார். பென்சிலை இடது கால்விரலில் பிடித்தார். நிறுத்தாமல் எழுதினார்.

'மை லெஃப்ட் ஃபுட்' 1954இல் வெளியானது. 1970இல் வந்த 'டவுன் ஆல் த டேஸ்' நாவலை இடது கால்விரலால்தான் டைப் செய்தார். 1972இல் மேரி காரைத் திருமணம் செய்தார். 1981 செப்டம்பர் 7 அன்று, 49 வயதில் இங்கிலாந்தில் இறந்தார். அவர் கதை 1989இல் படமாகி, டேனியல் டே லூயிஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது.

இன்று என்ன செய்கிறார்கள்?

நன்றாக வேலை செய்வதைத் தடுக்கும் சிகிச்சை இன்றும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தை, வசதியான கையையே எப்போதும் பயன்படுத்தும்; மற்ற கை சோம்பிப்போகும். அதனால் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை விளையாட்டு மூலம் சில வாரங்கள் தீவிரமாகப் பழக்குகிறார்கள். எட்வர்ட் டாப் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. தடை தற்காலிகம்தான். அதோடு, பழக்குவதற்கு ஓரளவு அசையும் இன்னொரு கை வேண்டும். கிறிஸ்டிக்கு அது இரண்டு பக்கமும் இல்லை.

எதையும் தடுக்காமல், பாட்டில் மூடி திறப்பது, காகிதம் வெட்டுவது என இரண்டு கையையும் சேர்த்துப் பழக்கும் முறையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு நேரம் செய்தால் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய மாற்றம், பயிற்சியின் இலக்கை யார் வைப்பது என்பதில் வந்திருக்கிறது. குழந்தைக்கு எது வேண்டும் என்று கேட்டு, சட்டைப் பொத்தானோ ஸ்பூனோ, அந்த வேலையையே திரும்பத் திரும்பப் பழக்குவதுதான் அதிகப் பலன் தருகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. கை வராது என்றால் கீபோர்டு, கண்ணசைவில் இயங்கும் கணினி என மாற்று வழிகளையும் பயிற்சியோடு சேர்த்தே தொடங்குகிறார்கள். கை வரும்வரை குழந்தை எழுதாமலும் பேசாமலும் காத்திருக்க வேண்டும் என்று யாரும் இப்போது கேட்பதில்லை. கிறிஸ்டியிடம் கேட்டது அதைத்தான்.