எல்இடி ஒளியை ஆராய்ந்தவர், இருண்ட நகரில் பட்டினியால் இறந்தவர்: யார் இந்த ஓலெக் லோசெவ்?

சாயங்காலம் ஆனால் சங்கராபுரம் கடைவீதியில் வரிசையாக எரிவது எல்இடி விளக்குகள்தான். 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி கொடுத்துவிடுகிறது. ஆனால் அதே பல்பை ஃபேன் ரெகுலேட்டரிலோ பழைய டிம்மரிலோ மாட்டி வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்க. படபடவென்று துடிக்கும், சில நேரம் அணைந்தே போகும். ஏன் இப்படி?

இதற்கான பதில், கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவில் வாழ்ந்த ஒரு டெக்னீஷியனின் கதையோடு சேர்ந்தே இருக்கிறது. அவர் பெயர் ஓலெக் லோசெவ்.

பட்டம் இல்லாத விஞ்ஞானி

1903 மே 10-ம் தேதி ரஷ்யாவின் ட்வெர் நகரில் பிறந்தவர் லோசெவ். ரேடியோ மீது அவ்வளவு ஆர்வம். ஆனால் கல்லூரிப் படிப்பு கைகூடவில்லை. நிஷ்னி நோவ்கொரோட் ரேடியோ ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து ரேடியோக்களில் அலையைப் பிடிக்க ஒரு சின்னப் படிகக்கல்தான் உதவியது. அப்படி ஒரு கருவிக்கு நம்ம ஊர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார். படிகத்தால் அலையைப் பிடிக்க மட்டுமில்லை, பெருக்கவும் முடியும் என்று 1922-ல் லோசெவ் காட்டினார். அப்போது அவருக்கு வயது 18.

கல்லுக்குள் வெளிச்சம்

சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாய்ந்தபோது, அது லேசாக ஒளிர்வதை லோசெவ் கவனித்தார். இங்கிலாந்தின் ஹென்றி ரவுண்ட் 1907-லேயே இதைப் பார்த்து ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். அதோடு விஷயம் நின்றுபோனது. லோசெவ் விடவில்லை.

சூட்டினால் வரும் வெளிச்சமா என்று சோதிக்க, ஒளிரும் படிகத்தின் மேல் சீக்கிரம் ஆவியாகும் திரவத்தின் துளியை வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட வேகமாக அது ஆவியாகவில்லை. ஆக, குண்டு பல்பு போலச் சூடாகி எரியும் வெளிச்சம் இது இல்லை, குளிர்ந்த ஒளி என்று புரிந்துகொண்டார். எல்இடி கரண்ட்டை மிச்சம் பிடிப்பதன் அடிப்படையே இதுதான்.

அடுத்து அவர் கண்டதுதான் முக்கியமானது. இந்த ஒளியை மிக மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கலாம். இதை வைத்து ஒளி மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வடிவமைத்து, 1927-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

டிம்மருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வீட்டு டிம்மர் ஒவ்வொரு மின் அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். குண்டு பல்பின் கம்பி சூடாகவே இருப்பதால் அதில் வித்தியாசம் தெரியாது. எல்இடிக்கு அந்தச் சூடு கிடையாது, வெட்டு உடனே கண்ணுக்குத் தெரியும். தவிர, 9 வாட் பல்பு இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. டிம்மர் தொடர்ந்து இயங்க அது போதாமல் விட்டுவிட்டு எரிகிறது. டிம்மரைத் தாங்கிப் பிடிக்கவே சில பல்புகளின் சர்க்யூட், வேண்டுமென்றே கொஞ்சம் கரண்ட்டைச் சூடாக்கி வீணாக்குவதும் உண்டு.

இதைவிடச் சிக்கனமான வழி, பல்புக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டிலேயே வெளிச்சத்தைக் குறைப்பது. இதில் இரண்டு முறை இருக்கு:

ஒன்று, எல்இடிக்குப் போகும் கரண்ட்டையே குறைப்பது. சிப் குளிர்ச்சியாக இருப்பதால், பொதுவாக ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சம் கொஞ்சம் கூடும்.

இரண்டாவது, நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை அணைத்து எரிய வைப்பது. கண்ணுக்கு அது மங்கிய வெளிச்சமாகவே தெரியும். லோசெவ் படிகத்தில் பார்த்த அதே வேகம்தான் இங்கே வேலை செய்கிறது.

இருட்டில் முடிந்த வாழ்க்கை

நிஷ்னி நோவ்கொரோடிலிருந்து லெனின்கிராடுக்குப் போனார் லோசெவ். 1938-ல், தனியாக ஆய்வேடு எழுதாமலேயே, அதுவரை செய்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு முனைவர் நிலைப் பட்டம் கிடைத்தது. மருத்துவக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தார்.

1941 செப்டம்பரில் ஜெர்மன் படை நகரைச் சுற்றி வளைத்தது. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரமும் இல்லை, சாப்பாடும் இல்லை. நகரவாசிகள் பலருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். 1942 ஜனவரி 22-ம் தேதி லோசெவ் பட்டினியால் இறந்தார். வயது 38.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962-ல் உருவாக்கினார். நீல எல்இடியைக் கொண்டுவந்த மூவருக்கு 2014-ல் நோபல் கிடைத்தது. லோசெவின் பெயர் நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்கள் வட்டத்தைத் தாண்டவில்லை.

அடுத்த முறை பல்பு வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான்: டிம்மரில் மாட்டப் போவதாக இருந்தால், அட்டையில் டிம்மபிள் என்று இருக்கிறதா பாருங்க. டிம்மரும் எல்இடிக்கு ஏற்றதா என்று கடையில் கேளுங்க. இரண்டும் பொருந்தவில்லை என்றால் பல்பு துடிக்கும், சீக்கிரம் கெட்டும் போகலாம். கரண்ட்டை மிச்சம் பிடிக்கத்தானே எல்இடிக்கு மாறினோம்?